மொபைல் ஹோம் பார்க் ஓனரோடு தகராறா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கலிஃபோர்னியாவில் எங்கள் மொபைல் ஹோம் பார்க் (இழுத்துவந்து வைக்கும் வீடுகளுக்கு இடத்தை வாடகைக்கு விடும் குடியிருப்பு) சங்கத்துக்கு வரும் நோட்டீஸ்களைப் படித்து, என்ன செய்யலாம் என்று சொல்வது என் பொறுப்பு. புதிதாக வருபவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். ரசீது வாங்குங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கோபத்தில் வாடகையை நிறுத்துவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இன்றும் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. வீடு நம்முடையது, அடியில் இருக்கும் இடம் ஓனருடையது, அதற்குத்தான் வாடகை. சாக்கடை அடைத்துக்கொண்டு நாறுகிறது, மேனேஜர் போனை எடுப்பதில்லை, உடனே ஒருவர் "சரி பண்ணும்வரை யாரும் வாடகை கட்டாதீங்க" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1978-இல் வந்த மொபைல்ஹோம் குடியிருப்புச் சட்டத்தின்படி நம்மை வெளியேற்ற ஓனருக்குக் குறிப்பிட்ட சில காரணங்கள்தான் உண்டு, அதில் ஒன்று வாடகை பாக்கி. அவர் கையில் இல்லாத காரணத்தை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

கெடு தேதி தாண்டி ஐந்து நாள் ஆனதும் மூன்று நாள் நோட்டீஸ் தரலாம். அதற்குள் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 12 மாதத்துக்குள் அப்படி மூன்று நோட்டீஸ் வாங்கிவிட்டால், அடுத்த முறை அந்த மூன்று நாள் அவகாசத்தைத் தர வேண்டிய அவசியமே இல்லை, நேராக 60 நாளில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு இதுதான் நடந்தது. சாக்கடைக் கோபத்தில் வாடகையை இழுத்தடிப்பார், நோட்டீஸ் வந்ததும் கடைசி நாளில் போய்க் கட்டுவார். நோட்டீஸ்களை எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். இது எத்தனையாவது நோட்டீஸ், மூன்றானால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை ஒவ்வொன்றிலும் இருந்தது. யாரும் அதை அவருக்குப் படித்துச் சொல்லவில்லை. பழைய வீடு, இழுத்துப்போக ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும், போனாலும் வேறு பார்க்கில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சாக்கடை அப்புறமும் அப்படியேதான் கிடந்தது.

வாடகையைத் தேதி தவறாமல் செக்கில் கட்டுங்கள். தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள்: எது பழுது, எங்கே, எப்போதிலிருந்து, சரிசெய்யாவிட்டால் வழக்குப் போடுவேன். பொது வசதிகளைப் பராமரிக்கவில்லை என்று வழக்குப் போட 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம், அந்தக் கடிதமே அதற்குப் பயன்படும். ஓனர் தெரிந்தே சட்டத்தை மீறினார் என்று கோர்ட் முடிவு செய்தால், ஒவ்வொரு மீறலுக்கும் 2,000 டாலர் வரை உங்களுக்குத் தரச் சொல்லலாம்.

வாய்ப்பேச்சை நம்புவது

மேனேஜர் தலையாட்டியதெல்லாம் கோர்ட்டில் நிற்காது. பராமரிப்பு, விதிகள் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதிக் கேட்டால் நிர்வாகம் 30 நாளுக்குள் சந்தித்தாக வேண்டும்.

உயர்த்திய வாடகையை உடனே கட்டுவது

வாடகை உயர்வு பற்றிய அறிவிப்பு 90 நாள் முன்பே எழுத்தில் வர வேண்டும். வாடகைக் கட்டுப்பாடு ஊருக்கு ஊர் மாறும், உங்கள் நகராட்சியில் கேட்டுப் பாருங்கள்.

மேனேஜரை வீட்டுக்குள் விடுவது

அவசர ஆபத்து தவிர, நீங்கள் எழுதிக் கொடுக்காமல் அவர் உள்ளே வர உரிமை இல்லை.

விற்கும்போது பயந்து விலையைக் குறைப்பது

வாங்க வருபவர் பார்க்கில் குடியேறக் கொடுக்கும் விண்ணப்பத்துக்கு நிர்வாகம் 15 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். "யோசிக்கிறோம், யோசிக்கிறோம்" என்று இழுத்து, ஆள் ஓடிப்போனதும் ஓனரே குறைந்த விலைக்குக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் கொடுத்த தேதியை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போராடுவது

கூடிப் பேசுவதும், அதிகாரிகளையும் வேட்பாளர்களையும் அழைத்துக் கூட்டம் போடுவதும் நம் உரிமை, அதைப் பார்க் நிர்வாகம் தடுக்க முடியாது. மாநில வீட்டுவசதித் துறையும் 2020 ஜூலையிலிருந்து இந்தச் சட்டத்தை மீறுவது பற்றிய புகார்களை வாங்குகிறது. புகாரோடு பழுது பற்றி எழுதிய கடிதத்தின் நகலையும், வாடகை கட்டிய செக்கின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.