கியர்பாக்ஸை இறக்கும் முன்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

"கியர்பாக்ஸ் போச்சு, மொத்தமா மாத்திடலாம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். உள்ளே எந்தப் பாகம் போயிற்று என்று கேளுங்கள். பாகத்தின் பெயரோடு பதில் வரும்வரை செலவுக் கணக்கே பேச வேண்டாம். கியர்பாக்ஸ் மேல் பழி விழும் வண்டிகளில் பல, கிளட்ச்சோ பேட்டரியோ ஆயில் சீலோ மாற்றினாலே சரியாகிவிடும்.

மேனுவல் வண்டி என்றால் வீட்டு வாசலிலேயே பாதி தெரிந்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கிளட்ச் கேபிளையோ, கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை இயக்கும் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டரையோ பாருங்கள். நியூட்ரலில் இன்ஜின் ஓடுகையில் உறுமல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் அது அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் கத்தினால் ரிலீஸ் பேரிங். நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ரேஸ் ஏறி வண்டி இழுக்காவிட்டால் கிளட்ச் பிளேட் தீர்ந்துவிட்டது. குறிப்பிட்ட ஒரு கியர், பெரும்பாலும் இரண்டாவது, விழும்போது மட்டும் கரகரவென்றால், கியர் விழும்முன் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ ரிங் அந்த கியரில் தேய்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் இன்ஜின் மவுண்ட்டை முதலில் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க்கைச் சந்தேகியுங்கள்.

கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. வண்டி உள்ளுக்குள் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவே. அது நடுவழியில் நியூட்ரலுக்குப் போய் நின்றால் பேட்டரி, ஆக்சுவேட்டர் ஆயில் அளவு, பம்ப், கிளட்ச் பிளேட் என்ற வரிசையில் பாருங்கள். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் கழித்து பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், முதலில் அதைச் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனரில் வரும் பி0700 என்ற கோடு, டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டர் ஏதோ பிழையைப் பதிந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எந்தப் பிழை என்று அடுத்த கோடுதான் காட்டும். பி0700-ஐ மட்டும் காட்டி அசெம்பிளி (முழு கியர்பாக்ஸ்) விலை சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

முடிவெடுக்க உண்மையிலேயே உதவுவது கியர்பாக்ஸ் ஆயில். வண்டியைப் பதினைந்து நிமிடம் ஓட்டி, சூடு ஏறியதும் சமதளத்தில் நிறுத்தி வடிக்கச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் வழியை மூடியிருக்கும் ஃபில்லர் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். டிரெயின் போல்ட்டைத் திறந்து ஆயில் முழுக்க வடிந்த பிறகு ஃபில்லர் போல்ட் இறுகிக் கிடப்பது தெரிந்தால், புது ஆயிலை ஊற்ற வழியிருக்காது. வடிந்ததைச் சுத்தமான தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். போல்ட்டின் காந்தத்தில் விபூதியைக் குழைத்தது போன்ற சாம்பல் நிறப் பசை இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஆயிலில் பொன் நிறத் தூள் மினுங்கினால் பித்தளை சிங்க்ரோ தேய்கிறது. பாக்ஸைப் பிரித்து அதை மாற்றினால் போதும். வெட்டிய நகம் போலத் துண்டுகள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அதன் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அந்தத் துண்டு அடுத்தடுத்த பற்களையும் தின்னும்.

டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும் ஆயில் பழுப்பாகி, கருகிய வாடையும் கருமணல் போன்ற வண்டலும் சேர்ந்திருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன, முழுதாகப் பிரித்துச் சீரமைக்கும் ஓவர்ஹால்தான் வழி. நிறம் மட்டும் மங்கி, வாடை இல்லாமல், கியர் சற்று உதைத்து விழுந்தால் ஆயில் மாற்றிப் பாருங்கள். ஒருமுறை வடித்தால் ஒரு பகுதிதான் வரும், மீதி கன்வர்ட்டரில் தங்கிவிடும். ஆகவே இரண்டு மூன்று முறை வடித்து ஊற்ற வேண்டும். ஆயில் ரோஸ்மில்க் போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது, அல்லது வெள்ளநீர் புகுந்திருக்கிறது. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் கிளட்ச் தட்டின் பசையை இளக்கிவிடும். அன்றே கண்டால் கூலரை மாற்றிப் பலமுறை கழுவி மீட்கலாம்; அப்படியே பல நாள் ஓட்டிய வண்டிக்கு அது பலிக்காது.

கியர் பற்களுக்குப் பதில் புல்லியும் பெல்ட்டும் உள்ள ஆட்டோமேட்டிக்கான சி.வி.டி.யில் ஸ்டீல் பெல்ட் நழுவிப் புல்லியில் கோடு விழுந்துவிட்டால், பெல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, புது பெல்ட்டையும் அந்தக் கோடு அரிக்கும். அசெம்பிளியாக மாற்றுவதே பெரும்பாலும் நல்லது. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கான 7 ஸ்பீட் டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி.யில் நிலைமை நேர்மாறு. கியர் மாற்றத்தை இயக்கும் மெக்காட்ரானிக், கிளட்ச் பேக் இரண்டும் தனித்தனிப் பாகங்கள். பி17பி.எஃப் என்ற கோடு வந்தால் சந்தேகம் மெக்காட்ரானிக்கின் ஆயில் அழுத்தத்தின் மேல்தான். பற்கள் இருக்கும் பாக்ஸை மாற்றத் தேவையில்லை.

இனி பணக் கணக்கு. ஓடும் நிலையில் உங்கள் கார் 3.5 லட்சத்துக்குப் போகும், இப்படியே விற்றால் 2 லட்சம் என்று வையுங்கள். இடைவெளி 1.5 லட்சம். அதற்குள் முடிகிற எந்த வேலையும் செய்யத் தகுந்தது. தாண்டினால் விற்பதையும் யோசியுங்கள். பழுதா மாற்றா என்ற கேள்விக்கு, உதிரி பாகங்களின் கூட்டுத்தொகை அசெம்பிளி விலையில் பாதியைத் தாண்டினாலோ, கேஸிங் (வெளி உறை) விரிசல் விட்டாலோ, பேரிங் உட்காரும் குழி அகன்றுவிட்டாலோ மாற்றிவிடுங்கள். ஒருமுறை இறக்கிய பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி வீண். ஆகவே மேனுவலில் கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல், ஆக்ஸில் சீல்கள் ஆகியவற்றின் தேய்மானத்தையும் அப்போதே பார்த்து மாற்றிவிடுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் பாக்ஸ் வாங்கினால், கேஸிங்கில் உள்ள குறியீடு உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலிலும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பல் விகிதம் வேறுபடும். ஒவ்வொரு கியரிலும் போட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், டிரெயின் போல்ட்டைக் கழற்றி நகத்துண்டு தேடுங்கள். பில்லில் குறியீடும், பொருத்திய நாளிலிருந்து எத்தனை நாள் கேரண்டி என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் பொருத்திய பின் ஸ்கேனரில் அடாப்டேஷன் (புது பாக்ஸுக்கேற்பக் கம்ப்யூட்டரைப் பழக்குவது) செய்யாமல் எடுக்காதீர்கள். செய்யாவிட்டால் நல்ல பாக்ஸும் உதைக்கும்.

வழக்கமான காப்பீடு இயந்திரப் பழுதுக்குப் பணம் தராது. அடியில் கல் அடித்து கேஸிங் உடைந்தால் அது விபத்து, கேட்கலாம். ஆனால் ஆயில் ஒழுக ஒழுக ஓட்டியதால் பல் எரிந்திருந்தால் மறுத்துவிடுவார்கள். ஆகவே அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்து, படம் எடுத்து, டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர் என்று பில்லில் எழுதச் சொல்லி வண்டியோடு வந்த கையேட்டோடு ஒப்பிடுங்கள். பிரித்துச் சேர்த்த மேனுவல் பாக்ஸில் 1,000 கி.மீ. ஓடியதும் ஆயிலை மறுபடி வடித்து, அதே தட்டில் பிடித்துப் பாருங்கள்.