நாய் கடித்தால் முதலில் குழாயடிக்குப் போங்கள்

நாய் கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். மருத்துவமனைக்குக் கிளம்புவது அதற்குப் பிறகு.

நாயின் எச்சில் வழியே ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் பரவலாம். அந்த நோயைத் தரும் வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைச் சிதைத்து வைரஸைச் செயலிழக்க வைக்கும். ஓடும் தண்ணீர் காயத்தில் ஒட்டிய எச்சிலை அடித்துக்கொண்டு போய்விடும். வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால் கழுவிப் பயனில்லை, அதனால்தான் இந்த அவசரம். வலியில் இரண்டு நிமிடமே நெடுநேரமாகத் தெரியும், ஆகவே கைபேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பல் பதிந்த குழி வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். அதற்குள்ளும் தண்ணீர் இறங்கும்படி குழாய்க்கு நேராகக் காட்டுங்கள். அதன்மேல் பொடி, எண்ணெய் எதையும் அப்ப வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

ரத்தம் பீறிட்டு வந்தால் இது பொருந்தாது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கண்ணில் எச்சில் பட்டால் சோப்பு கூடாது, வெறும் தண்ணீர் போதும்.

கழுவியாயிற்றே என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது. அறிகுறி வந்தபின் ரேபிஸிலிருந்து பிழைத்தவர்கள் மிக மிக அரிது. ரத்தம் கசிந்த காயம் என்றால், தடுப்பூசியோடு ஆண்டிபாடி மருந்தையும் (வைரஸை உடனே எதிர்க்கும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின்) காயத்தைச் சுற்றியே செலுத்த வேண்டியிருக்கும். மருத்துவரிடம் அதையும் கேளுங்கள். முன்பே முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்கு அந்த மருந்து தேவையில்லை, ஆனால் ஊக்கத் தடுப்பூசி அவர்களுக்கும் உண்டு.