தளத்தைத் தட்டிப் பார்த்த இன்ஜினியர்

தருமபுரியில் எங்கள் வீட்டுக்கு 18 வயது. ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரை மூலையில் ஈரம் படர்ந்தது. கொத்தனார் சொன்னபடி மொட்டை மாடி முழுக்க வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தேன். அடுத்த மழைக்கே பழைய கறை. பணம் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்தேன். வந்தவர் உடனே மாடிக்குப் போகவில்லை. மழை பெய்து எவ்வளவு நேரத்தில் சொட்டுகிறது என்று கேட்டு, கறையைப் படம் எடுத்துக்கொண்டார். மேலே சின்னச் சுத்தியலால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே நடந்தார். உள்ளே காலியாகச் சத்தம் வந்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். கைப்பிடிச் சுவர் ஓரம், தண்ணீர்த் தொட்டியின் அடி, தண்ணீர் வழிந்தோடும் வாட்டம் எல்லாம் பார்த்தார். கடைசியில் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கச் சொன்னார். (எங்கள் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்தில் அதற்கு மனசே வரவில்லை.)

மறுநாள் தெரிந்தது: குழாய் தளத்துக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி விரிசல். அதை வெட்டியெடுத்து, சுருங்காத சிமெண்ட் கலவையால் அடைத்து, வட்டம் போட்ட ஓடுகளை மட்டும் மாற்றிப் பதித்தோம். சுவரோர மூலையைச் சாய்வாகப் பூசினோம். படுக்கையறைக் கூரையில் உப்பியிருந்த பூச்சையும் கொத்தி, உள்ளிருந்த கம்பியின் துருவைத் தேய்த்த பிறகே பூசினோம்.

இரண்டு ஐப்பசி கடந்துவிட்டது. மூலை காய்ந்தே இருக்கிறது.