யாழ்ப்பாணச் சுற்றுலா: புது வழிகாட்டிகள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்துக்கு ஆட்களைக் கூட்டிவந்து நாலு நாள் சுற்றிக் காட்டும் வேலையில் இப்போது பல இளம்பிள்ளைகள் இறங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அவர்கள் போடும் அட்டவணைகளைப் பார்த்தால், முன்பு இந்த வேலையைத் தொடங்கியவர்கள் விட்ட அதே பிழைகள் அப்படியே இருக்கின்றன. தொப்பி, தண்ணீர்ப் போத்தல் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. காசையும் நாளையும் தின்கிற பிழைகள் மட்டும்.

நெடுந்தீவையும் நயினாதீவையும் ஒரே நாளில் போடுவது

எத்தனை தரம் சொல்லியும் இது நிற்கவில்லை. இன்றைக்கும் இப்படியொரு அட்டவணையைக் கண்டால் கோபம் வருகிறது.

வரைபடத்தில் சரி போலத்தான் தெரியும். இரண்டு தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் படகு. அதனால் காலையில் நயினாதீவு, மத்தியானம் நெடுந்தீவு என்று எழுதிவிடுகிறார்கள். நயினாதீவு கால் மணித்தியாலப் பயணம், படகுகள் அடிக்கடி ஓடும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், படகும் ஒரு நாளைக்குச் சில தடவைதான். திரும்பும் கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தீவிலேதான்.

பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு நடப்பதைப் பாருங்கள். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டு, நாகவிகாரையையும் பார்த்துவர மத்தியானம் தாண்டிவிடும். குறிகட்டுவானுக்கு வந்தால் நெடுந்தீவுப் படகு நிரம்பியிருக்கும். ஏழு பேர் ஏறுவார்கள், ஐந்து பேர் கரையில். ஏறியவர்களுக்கும் தீவில் நேரம் கிடைக்காது. முருகைக்கல்லால் கட்டிய ஒல்லாந்தர் கோட்டையை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குதுறைக்கு ஓட வேண்டியதுதான். நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் மேய்வது தெற்கு வெளியில். அவ்வளவு தூரம் போக வழியில்லை. குதிரை பார்க்கவென்றே வந்த பிள்ளைகள் வான் வண்டியில் ஒரு சொல்லும் பேசாமல் திரும்புவார்கள்.

நெடுந்தீவுக்கு முழு நாள் ஒதுக்குங்கள். படகு நேரங்கள் மாறும், முதல் நாள் பின்னேரமே விசாரித்து வையுங்கள். காலை ஆறு மணிக்கு முன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படுங்கள். பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு வழியாக முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். முதல் படகில் ஏறுங்கள். தீவில் ஓட்டோவோ பிக்கப்போ முன்பே பேசி வைத்தால், கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், குதிரைகள் எல்லாம் மூன்று மணித்தியாலத்தில் ஆறுதலாகப் பார்க்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கும் முதல் நாளே சொல்லுங்கள். தீவுக் கிணறுகள் பல உவர், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும் படகுக்கு முக்கால் மணித்தியாலம் முன்னதாக இறங்குதுறையில் நில்லுங்கள்.

இன்னொன்று: நெடுந்தீவைக் கடைசி நாளில் வைக்கவே வேண்டாம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை கடல் கொந்தளிக்கும். மாரியில் தாழமுக்கம் வந்தால் படகே ஓடாது. இரண்டாம் நாளில் வைத்திருந்தால் கீரிமலை, நிலாவரை நாளோடு மாற்றிக்கொள்ளலாம். கடைசி நாளில் வைத்தால் மாற்ற நாளே இல்லை.

நயினாதீவுக்கு வேறொரு நாள் காலை போதும். திரும்பும்போது ஊர்காவற்றுறையில் 'பாதை' என்கிற மிதவை ஓடுகிறதா, வானை ஏற்றுமா என்று கேளுங்கள். ஏற்றினால், அதில் காரைநகர் போய், பட்டணத்துக்கு வந்து சுற்றாமல் கசூரினாக் கடற்கரையில் பின்னேரத்தைக் கழிக்கலாம்.

போயா நாளில் மது

நாடு முழுவதும் விற்பனை இல்லை. கள்ளு விற்கும் தவறணையும் பூட்டு.

கள்ளைப் பின்னேரத்துக்குத் தள்ளுவது

கள்ளு காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் புளித்துவிடும். பிறகு அதை முதன்முதல் குடிப்பவர் முகம் சுளித்து வைத்துவிடுவார், பனங்கள்ளே இப்படித்தான் என்று ஊருக்குப் போய்ச் சொல்வார். பனங்கள்ளுக்குக் காலம் தை தொடங்கி ஆடி வரை. சூடாக்கிப் போத்தலில் அடைத்த கள்ளின் சுவை வேறு, அதைப் புதுக்கள்ளு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். போத்தலில் வாங்கி வானில் கொண்டுபோனால் கால்வாசி இடம் விட்டு, மூடியை இறுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பொங்கிக்கொண்டே இருக்கும், இறுக்கினால் வெடிக்கும். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பணி கேளுங்கள், அது புளிக்காது.

தோலகட்டியில் கத்தோலிக்கத் துறவிகளின் ஆச்சிரமத்து வைன் இனிப்பானது, வாசனைச் சரக்கு மணம் உள்ளது. இத்தாலி, பிரான்ஸ் வைன் பழகியவர்களிடம் இதை முன்பே சொல்லுங்கள். உறைப்பான நண்டுக்கறியோடு வைக்காமல், சாப்பிட்ட பிறகு குளிராகச் சின்னக் கிளாசில் கொடுத்தால் விரும்பிக் குடிப்பார்கள். அங்கே விற்கும் நெல்லிரசத்தைத் தண்ணீர் கலந்துதான் குடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சைவ வீட்டில் நண்டு

கேட்காதீர்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் அப்படித்தான்.

ஆவணியில் பூநாரை

இராது. சுண்டிக்குளத்துக்கு மாரியோடுதான் வரும்.

கூழை அன்றைக்கே கேட்பது

ஒடியற்கூழ் உடனே வைத்துக் கொடுக்கிற சாப்பாடு இல்லை. ஒடியல்மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் தண்ணீரை வார்த்து விட்டால்தான் கைப்புப் போகும். இதை அவசரத்தில் விட்டால் எவ்வளவு நல்ல மீன் போட்டும் பயன் இல்லை. பத்துப் பேருக்கு மாவு கால் கிலோ போதும். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் விடியச் சந்தையில் வாங்க வேண்டியவை. ஆகவே முதல் நாளே வீட்டாரிடம் சொல்லுங்கள், எத்தனை பேர், உறைப்பு எவ்வளவு என்றும் சொல்லுங்கள். கடல் பயணத்துக்கு முன் கூழ் வேண்டாம், இரவில் வையுங்கள். பனையோலையை மடித்துச் செய்யும் பிளாவில் குடிக்கக் கொடுப்பதானால் ஓலையை அன்றே வெட்டி மடிக்கச் சொல்லுங்கள். காய்ந்த ஓலை மடிப்பில் வெடித்து, கொதிகூழ் மடியில் ஒழுகும்.