ஜங்ஷன், மார்க்கெட், டவுன்: சேலத்தைத் தண்டவாளம் வழியாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

என் அக்கா பையன் முதல்முறை தனியாகச் சேலம் வந்த அன்று, விடிகாலையில் ஜங்ஷன் வாசலில் வண்டியோடு நின்றிருந்தேன். போன் வந்தது. "மாமா, ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன், நீங்க எங்க?" நானும் வாசலில்தான் நிற்கிறேன். பத்து நிமிடம் இப்படியே தேடிவிட்டு, "மேல போர்டுல என்ன எழுதியிருக்கு, படி கண்ணு" என்றேன். "சேலம் டவுன்" என்றான். எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக வரும் வண்டி ஜங்ஷனுக்கு முன்பே டவுனில் நிற்கும். சேலம் என்று பார்த்ததும் பையன் இறங்கிவிட்டான்.

அன்றைக்கு அவனைத் திட்டினேன். ஆனால் அவன் இறங்கிய இடம் ஒன்றும் மோசமில்லை. பழைய சேலம் அங்கேதான் இருக்கிறது. ஊரைப் பார்க்க வருகிறேன் என்று யார் கேட்டாலும் இப்போது நான் சொல்வது இந்த வழியைத்தான். அரை நாள் போதும். மதியத்துக்கு மேல் ஆரம்பியுங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாதிக் கடை சாத்தியிருக்கும்.

1. மூன்று பெயரையும் மனதில் வையுங்கள்

சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில், பழைய ஊருக்கு மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து விருத்தாசலம் போகும் பாதையில் அடுத்தடுத்து வருபவை சேலம் மார்க்கெட், சேலம் டவுன். டிக்கெட் எடுக்கும்போது எந்தச் சேலம் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

2. சென்னையிலிருந்து வந்தால் இடது பக்க ஜன்னல்

இதற்குப் பகல் வண்டி வேண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயர் இருப்பதால் அதில் வந்தால் மலை தெரியும் என்று நினைக்காதீர்கள், அது ராத்திரி வண்டி. பொம்மிடி தாண்டியதும் வண்டி போகும் திசையில் இடது பக்கம் சேர்வராயன் மலை கூடவே வரும். லோக்கூர், டேனிஷ்பேட்டை வரைக்கும் காடும் மேடுமாகப் போய், கருப்பூர் தாண்டியதும் நிலம் சட்டென்று வெளுத்துவிடும். சுண்ணாம்பைக் கொட்டி வைத்த மாதிரி குவியல் குவியலாக இருக்கும். அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். உலைகளுக்குச் சூடு தாங்கும் செங்கல் செய்யப் பயன்படும் கல். அந்தப் பெயரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அது வந்துவிட்டால் பையை எடுத்துத் தயாராகிவிடலாம்.

3. ஜங்ஷனில் அவசரப்படாமல் அரை மணி நேரம்

கட்டடத்தைப் பார்த்து வாய் பிளக்க இங்கே ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழும்பூர், சென்ட்ரல் மாதிரி கோபுரமோ வளைவோ தேடாதீர்கள். இங்கே பழையது பாதைதான். 1856ல் ராயபுரத்திலிருந்து முதல் வண்டியை விட்ட மதராஸ் ரயில்வே, தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்து 1861ல் சேலத்தைத் தொட்டது. அடுத்த வருடமே அந்தப் பாதை மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போய்விட்டது.

பிளாட்பாரத்தின் ஒரு கோடி வரைக்கும் நடந்து மஞ்சள் போர்டைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு நடைமேம்பாலத்தில் ஏறி வடக்கே திரும்பினால் எதிரே சேர்வராயன் மலை. மேலே இருக்கும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மழை விட்ட மறுநாள் என்றால் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். தென்மேற்கே தனியாகப் படுத்திருப்பது கஞ்சமலை. இரும்புத் தாது உள்ள மலை, சித்தர் கோயில் அடிவாரத்தில்.

பாலத்தில் நின்றபடியே பாதைகளையும் எண்ணலாம். ஜோலார்பேட்டை, ஈரோடு, ஓமலூர் வழியாகத் தர்மபுரி, விருத்தாசலம், கடைசியாக 2013ல் திறந்த நாமக்கல் கரூர் பாதை. ஐந்து பக்கம் போகிற ஸ்டேஷனுக்குத் தனி ரயில்வே கோட்டம், அதாவது சொந்த நிர்வாகப் பிரிவு, 2007 நவம்பரில்தான் கிடைத்தது. அதுவரை பாலக்காடு கோட்டத்துக்காரர்கள்தான் நிர்வாகம். அந்த ஆதங்கத்தைப் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: ரயிலில் வராமல் சும்மா பார்க்க வருபவர்கள் பிளாட்பாரம் டிக்கெட் கட்டாயம் எடுங்கள். இரண்டு மணி நேரம் செல்லும்.

4. கிளைப் பாதையில் ஒரு ஸ்டேஷன்

விருத்தாசலம் பாசஞ்சரில் மார்க்கெட் வரைக்கும் டிக்கெட் எடுத்து ஏறுங்கள். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், அதனால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லாவிட்டால் வாசலிலேயே டவுன் பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முடிந்தவரை ரயிலிலேயே போங்கள். பஸ் ஊரின் முன்பக்கத்தைக் காட்டும். ரயில் கொல்லைப்புறம் வழியாகப் போகும்: துணி காயும் மொட்டை மாடி, குடோன் சுவர், தண்டவாளத்தை ஒட்டிக் கட்டிப் போட்ட ஆடு.

5. செவ்வாய்ப்பேட்டை

மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கினால் லீ பஜார் என்ற மொத்த வியாபாரச் சந்தையும் செவ்வாய்ப்பேட்டையும். செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய இடம் என்பதால் அந்தப் பெயர். லாரி, மூட்டை, சுமை தூக்குபவர்கள் என்று தெருவே நகர்ந்துகொண்டிருக்கும். ஓரமாக நடங்கள், நின்று செல்பி எடுத்தால் திட்டு விழும். வெல்ல மண்டிப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம், அவ்வளவு வாசனை.

என்னைக் கேட்டால் இங்கே நிற்க வேண்டிய இடம் கொலுசுப் பட்டறைகள்தான். சின்னச் சின்ன வீடுகளின் முன் அறையிலேயே நடக்கும் வேலை. ஒருமுறை வாசலில் நின்று பார்த்தேன். ஒருவர் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளி மணிகளை இடுக்கியால் எடுத்து, வரிசையாக வைத்து, தீயை ஊதி ஒவ்வொன்றாகப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளி அப்போது வெளுப்பாக, மங்கலாக, யாரும் வாங்கமாட்டார்கள் என்கிற மாதிரி இருந்தது. பாலிஷ் போட்ட பிறகுதான் அது கொலுசு. உள்ளே நுழையும் முன் "பார்க்கலாங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் தலையாட்டுவார்கள். சிலர் மாட்டார்கள், வெள்ளி வைத்திருக்கும் இடம், அவர்கள் பயமும் நியாயம்தான்.

6. கோட்டை வழியாக டவுனுக்கு நடை

யாரிடமாவது கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வழி கேட்டு நடங்கள். கோட்டை என்றதும் மதில் தேடவேண்டாம், இப்போது பெயரில்தான் கோட்டை. பக்கத்திலேயே அழகிரிநாதர் கோயில். ஊர்க்காரர்கள் கோட்டைப் பெருமாள் என்பார்கள். ஆடி மாதம் என்றால் இந்தப் பகுதியில் கால் வைக்க இடமிருக்காது. மாரியம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள்.

திருமணிமுத்தாறு குறுக்கே வரும். மலையில் முத்து மாதிரிதான் பிறக்கிறது; ஊருக்குள் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. கடந்தால் சுகவனேஸ்வரர் கோயில். சுகம் என்றால் கிளி. சுவாமிக்குத் தமிழில் கிளிவண்ணமுடையார் என்று பெயர். மதியம் நடை சாத்தியிருப்பார்கள், சாயங்காலம் போங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்தால் சின்னக் கடைவீதியை விட்டுவிடாதீர்கள். மல்கோவா, குண்டு, இமாம்பசந்து எல்லாம் கூடை கூடையாக இருக்கும்.

7. தட்டுவடை செட்

மதியத்துக்கு மேல் வரச் சொன்னது இதற்காகத்தான். பொழுது சாய்ந்தால்தான் தள்ளுவண்டிகள் வரும். உள்ளங்கையில் பாதி அளவு தட்டுவடையைத் தட்டில் பரப்பி, சிவப்புச் சட்னியை ஒரு தடவு தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயத்தைக் கையால் அள்ளி வைத்து, பச்சைச் சட்னி ஒரு சொட்டு விட்டு, மேலே இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். பாதி கடித்தால் எல்லாம் சட்டையில் கொட்டும். முழுசாக வாய்க்குள் போடவேண்டும். முதல் செட்டுக்குக் காரம் கம்மி என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் முட்டை நொறுக்கல்: முறுக்கை நொறுக்கிச் சட்னி, வெங்காயம், அவித்த முட்டையோடு கலந்து தருவது.

8. திரும்புதல்

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷனுக்குப் பஸ் ஏறுங்கள். சாயங்கால நெரிசலுக்கு ஒரு மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டை வீட்டுக்குப் பார்சல் கேட்டால் சட்னியைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். என் அக்கா பையன் சொல்லாமல் வாங்கிப் போய், ஜோலார்பேட்டை வருவதற்குள் பொட்டலம் முழுக்க ஊறி, கைக்குட்டையால் பையைத் துடைத்துக்கொண்டே போன் பண்ணினான்.