பிட்யூட்டரி செல்களின் மின்துடிப்பும் ஹார்மோன் சுரப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரை கிராம் அளவே எடையுள்ள பிட்யூட்டரியின் முன்பகுதியில் ஐந்து வகைச் சுரப்புச் செல்கள் இருக்கின்றன. நரம்புச் செல்களைப் போல இவையும் மின்துடிப்பு எழுப்பும். எலிப் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வந்த ஜிஎச்3 செல்களில் கால்சியத் துடிப்புகளையும் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் சுரப்பையும் இணைத்து 1975இல் கிடோகோரோ எழுதினார். நரம்பியலில் தேறி இந்தப் பக்கம் வருபவர்கள், துடிப்பு கூடினால் சுரப்பும் கூடும் என்ற பழைய கணக்கையே இங்கும் போடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

துடிப்புகளின் எண்ணிக்கையை வைத்துச் சுரப்பைக் கணிப்பது

எலியின் கொனாடோட்ரோப் செல் (எல்ஹெச் போன்ற இனப்பெருக்க ஹார்மோன்களைச் சுரப்பது) உயரமான, கூர்மையான ஒற்றைத் துடிப்புகளை எழுப்புகிறது. ஒவ்வொன்றும் சில பத்து மில்லிநொடிகளில் முடிந்துவிடும். ஹார்மோனை வெளியேற்றுவது செல்லுக்குள் உயரும் கால்சியம்தான்; இங்கே உள்ளே வருவதோ சொற்பம். புரோலாக்டின் சுரக்கும் லாக்டோட்ரோப், வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் சொமட்டோட்ரோப் செல்களின் பதிவு வேறு மாதிரி. மின்னழுத்தம் மேலே ஏறி, இறங்காமல் ஓரிரு நொடி அங்கேயே நிற்கும். அந்த மேட்டின்மேல் சிறு துடிப்புகள் நெளியும். இதைத் துடிப்புக் கொத்து என்போம். எண்ணிப் பார்த்தால் கொனாடோட்ரோப் முந்தலாம். கால்சியத்தை அளந்தால் அங்கே சில பத்து நானோமோலார் உயர்வுதான். கொத்து எழுப்பும் செல்களில் அது பல நூறு நானோமோலாரைத் தொடும். செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் தட்டில் தூண்டுதல் எதுவும் இல்லாமலே புரோலாக்டின் தாராளமாகவும் எல்ஹெச் அரிதாகவும் வெளிவருவதற்குக் காரணம் இதுதான்.

பிகே சேனலை வெறும் பிரேக்காக நினைப்பது

பாடப்புத்தகம் சொல்வது: பொட்டாசியம் வெளியேறினால் செல் அடங்கும், பொட்டாசியச் சேனலை அடைத்தால் கால்சியம் கூடும். இந்தச் செல்களில் பிகே சேனலை (செல் சவ்விலுள்ள பொட்டாசிய வாயில்களில் ஒரு வகை) பாக்சிலின் அல்லது ஐபீரியோடாக்சின் கொண்டு அடைத்துப் பாருங்கள். கொத்துகள் மறைந்து உயரமான ஒற்றைத் துடிப்புகள் வரும், கால்சியம் குறையும். மருந்து கெட்டுவிட்டது என்று புதிய குப்பியை உடைப்பவர்கள் உண்டு. மருந்தின்மேல் குற்றமில்லை.

பிகே மிக வேகமாகத் திறக்கும். துடிப்பு ஏறத் தொடங்கியதுமே திறந்து, அதன் உச்சியை வெட்டிவிடுகிறது. மின்னழுத்தத்தை முழுவதும் கீழே இழுக்கும் வேலை வேறொரு பொட்டாசியச் சேனல் வகையுடையது. அது தாமதமாக, அதுவும் உயர்ந்த மின்னழுத்தத்தில்தான் நன்றாகத் திறக்கும். உச்சி தாழ்ந்துவிட்டதால் அது போதிய அளவு திறப்பதில்லை. எல் வகைக் கால்சியச் சேனல்கள் மூடாமல் நிற்கின்றன, மேடு நீள்கிறது. கணினியில் கணக்கிட்ட பிகே மின்னோட்டத்தை உயிருள்ள செல்லுக்குள் நொடிக்கு நொடி செலுத்தும் டைனமிக் கிளாம்ப் முறையில், தபாக், பெர்ட்ராம் குழுவினர் 2011இல் இதை நேரடியாகக் காட்டினர். அந்த மின்னோட்டம் வேகமாகத் திறந்தால்தான் கொத்து வரும்; மெதுவாகத் திறக்கும்படி மாற்றினால் வராது. ஆகவே உங்கள் மாதிரிக் கணக்கில் பிகேயின் அளவை மட்டும் மாற்றிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். திறக்கும் வேகத்தையும் மாற்றிப் பாருங்கள்.

மின்னழுத்தம் தாழ்ந்தால் சுரப்பு நின்றது என்று எழுதுவது

கொனாடோட்ரோப் செல்லுக்கு, அதைத் தூண்டும் ஹைப்போதலாமஸ் ஹார்மோனான ஜிஎன்ஆர்ஹெச் கொடுத்தால் மின்னழுத்தம் தாளகதியில் கீழே சரியும். மின்பதிவு மட்டும் வைத்திருப்பவர் 'இது தடுப்பு ஹார்மோன்' என்று எழுதிவிடுவார். நடப்பது அதற்கு நேர்மாறானது. ஐபி3 என்ற செல்லின் உள்தூது மூலக்கூறு வழியாகச் செல்லுக்குள்ளிருக்கும் சேமிப்பிலிருந்து கால்சியம் அலையலையாக வெளிப்படுகிறது; அந்தக் கால்சியமே எஸ்கே என்ற பொட்டாசியச் சேனலைத் திறந்து மின்னழுத்தத்தைத் தாழ்த்துகிறது. ஒவ்வொரு சரிவின்போதும் சுரப்புப் பைகள் செல் சவ்வோடு இணைந்து ஹார்மோன் வெளியேறுகிறது. 1992, 1993இல் சே, ஹில்லே முதலியோர் இதைப் பதிவு செய்தனர். வெளிக்கரைசலில் கால்சியத்தை நீக்கினாலும் அலைகள் உடனே நிற்காது, சற்று நேரம் ஓடும். அலைகளின் இடையில் வரும் துடிப்புகள் வெளியிலிருந்து கால்சியம் கொண்டுவந்து, காலியாகும் சேமிப்பை நிரப்ப உதவுகின்றன. லாக்டோட்ரோப்பில் அதைத் தூண்டும் டிஆர்ஹெச் ஹார்மோன் கொடுத்தாலும் முதலில் இதே சரிவு, பிறகுதான் துடிப்பு மிகும். முதல் நிமிடத்தோடு பதிவை நிறுத்தினால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

சோடியத்தின் பங்கை டிடிஎக்ஸோடு முடித்துவிடுவது

எலி லாக்டோட்ரோப்பில் சோடியச் சேனலை அடைக்கும் நஞ்சான டிடிஎக்ஸ் கொடுத்தும் துடிப்பு தொடர்வதைப் பார்த்து 'சோடியத்துக்கு வேலையில்லை' என்கிறார்கள். வெளிக்கரைசலின் சோடியத்தை எடுத்துவிட்டு, சேனல்களில் நுழைய முடியாத பெரிய அயனியான என்எம்டிஜி இட்டால் செல் மின்னழுத்தம் சரிந்து அமைதியாகிவிடும். டிடிஎக்ஸுக்கு அடங்காத ஒரு சோடியக் கசிவு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. துடிப்புத் தொடங்கும் எல்லைக்குச் செல்லைத் தூக்கி நிறுத்துவது அதுதான்.

பதிவு செய்யும்போது

இவை சிறிய செல்கள்: மின்தேக்கம் 5–6 பிகோஃபேரட் அளவு, உள்தடை பல ஜிகா ஓம். ஒரு கணக்கு போடுவோம். செல்லின் தடை 4 ஜிகா ஓம், உண்மையான மின்னழுத்தம் −60 மில்லிவோல்ட். பதிவு செய்யும் கண்ணாடிக் குழாய் (பிப்பெட்) செல்லோடு ஒட்டும் இடத்தின் தடையான சீலும் 4 ஜிகா ஓம் என்றால் −30 என்று காட்டும். 20 ஜிகா ஓம் சீல் கிடைத்தாலும் −50தான். பெரிய நரம்புச் செல்லுக்குப் போதும் என்று விடும் 2 ஜிகா ஓம் சீல் இங்கே செல்லையே மாற்றிவிடும்.

செல் சவ்வைக் கிழித்துப் பதிவு செய்யும் முறையில் சிஏஎம்பி, ஜிடிபி போன்ற உள்தூது மூலக்கூறுகள் எல்லாம் பிப்பெட்டுக்குள் கரைந்து போகும்; அதில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இஜிடிஏ வேறு 10 மில்லிமோலார் இருந்தால் கால்சியத்தால் இயங்கும் சேனல்கள் ஊமையாகிவிடும். இயல்பான துடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஆம்ஃபோடெரிசின் பி மருந்து கொண்டு சவ்வில் நுண்துளையிடும் முறையே நல்லது. பிப்பெட் நுனியை மருந்தில்லாத கரைசலால் நிரப்பி, பின்பக்கம் மருந்துக் கரைசல் இடுங்கள். நுனியிலேயே மருந்து இருந்தால் சீல் பிடிக்காது. தொடர்தடை (பிப்பெட்டுக்கும் செல்லின் உட்புறத்துக்கும் இடையிலான தடை) இறங்க 10–20 நிமிடம் பொறுக்க வேண்டும். படிப்படியாக இறங்காமல் சட்டென விழுந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. அந்தச் செல்லை விட்டுவிடுங்கள். பொட்டாசியம் குளுக்கோனேட் கரைசலில் சந்தி மின்னழுத்தம் (இரு கரைசல்கள் தொடும் இடத்தில் எழுவது) 10 மில்லிவோல்ட்டுக்கும் மேல் வரும். அதைக் கழிக்க மறக்க வேண்டாம்.

கேசிஎல் ஊற்றித் துடிப்பைப் போலி செய்வது

50 மில்லிமோலார் கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) கொடுத்தால் செல் ஏறக்குறைய −25 மில்லிவோல்ட்டில் ஆணியடித்தது போல நிற்கும். அது துடிப்பே அல்ல. செல்லிடம் வெளிவிடக்கூடிய ஹார்மோன் இருக்கிறதா என்று சோதிக்க அது போதும். துடிப்பு எவ்வளவு சுரக்க வைக்கும் என்று அறிய உதவாது. சேர்க்கும் பொட்டாசியத்துக்குச் சமமாகச் சோடியத்தைக் குறைக்காவிட்டால் செல் சுருங்கி, அதுவே ஒரு விளைவாகப் பதிவாகும்.

தட்டில் கண்டதை உடலுக்கு அப்படியே பொருத்துவது

உடலில் லாக்டோட்ரோப்பை, ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரித் தண்டு வழியே வரும் டோபமைன் ஓயாமல் அடக்கி வைத்திருக்கிறது: டி2 ஏற்பி வழியாகப் பொட்டாசியச் சேனலைத் திறந்து, கால்சியச் சேனலைத் தளர்த்தி, துடிப்பை நிறுத்துகிறது. தட்டில் டோபமைன் இல்லை. டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு, ரிஸ்பெரிடோன் போன்ற டோபமைன் ஏற்பியை அடைக்கும் மருந்துகளை எடுப்பவர்களுக்குப் புரோலாக்டின் உயர்வதும், பிட்யூட்டரித் தண்டு நசுங்கும்போது உயர்வதும் இந்த அடக்கம் விலகுவதால்தான். அந்த உயர்வைக் கண்டவுடன் புரோலாக்டின் கட்டி என்று முடிவு கட்டக் கூடாது.

பின்பிட்யூட்டரியை இதோடு கலப்பது

அங்கே ஹார்மோன் வெளிவிடுபவை ஹைப்போதலாமஸ் நரம்புச் செல்களின் முனைகள். துடிப்பின் வேகம் அங்கே நேரடியாகவே பேசும். பாலூட்டும் எலியில், பாலை வெளியேற்றும் ஹார்மோனான ஆக்ஸிடாசினின் செல்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, ஓரிரு நொடிகளுக்குள் பல பத்துத் துடிப்புகளைச் சேர்ந்து வெடிக்கின்றன. பால் சுரப்பியில் அழுத்தம் உயர்வது அதற்குப் பத்து நொடிகளுக்கும் மேல் கழித்துத்தான். இரண்டு பதிவுகளையும் ஒரே நொடியில் வைத்துப் பொருத்தினால் தொடர்பே தெரியாது.