எஸ்விசிஹோஸ்ட் அசலா, போலியா? சிஸ்டம் ஃபைலைச் சோதித்துப் பார்க்கும் முறை

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து டிடிபி கடைகளில் தமிழுக்குப் பாமினியும் மலையாளத்துக்கு எம்எல்-டிடி கார்த்திகாவும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். எல்லைக்கு அப்பால் கேரளப் பாறசாலையில் டைப் செய்த நோட்டீஸ் பென்டிரைவில் வரும். ஃபான்ட் இல்லையென்றால் அதையும் யாராவது எங்கிருந்தாவது இறக்கிக் கொடுப்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். ஃபான்ட் ஃபைல் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும். எக்ஸ்இ என்று முடிவது ஓடக்கூடிய புரோகிராம். இப்படி உள்ளே நுழைகிறவை விண்டோஸின் சொந்த ஃபைல் பெயரையே சூட்டிக்கொண்டு ஒளிந்துகொள்வது வழக்கம். அதற்கு அடிக்கடி பயன்படும் பெயர் எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe), விண்டோஸின் பின்னணி சர்வீஸ்களை ஓட்டும் ஃபைல். இங்கே அதை வைத்தே விளக்குகிறோம். மற்ற சிஸ்டம் ஃபைல்களுக்கும் வழி இதுதான்.

தொடங்கும் முன் ஒன்று: சோதனை முடியும்வரை எதையும் டெலீட் செய்யாதீர்கள். 2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இல் இருந்த அசல் எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்தது. பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி முடங்கின. ஒரே ஒரு ஆன்டிவைரஸ் சொன்னதை மட்டும் நம்பி சிஸ்டம் ஃபோல்டரில் கை வைக்கக் கூடாது.

படி 1: முழுப் பெயரைப் பாருங்கள்

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். ஃபோல்டர் படம் போட்ட எக்ஸ்இ, பிடிஎஃப் போல நடிக்கும் எக்ஸ்இ எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வி-யும் சி-யும் இடம் மாறியிருக்கலாம், ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் இருக்கலாம். லாகின் பாதுகாப்பைக் கவனிக்கும் எல்சாஸ் (lsass.exe) ஃபைலில் முதல் எழுத்தான சிறிய எல்லுக்குப் பதில் பெரிய ஐ போட்டு ஏமாற்றுவார்கள். திரையில் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும்.

படி 2: எங்கிருந்து ஓடுகிறது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'செலக்ட் காலம்ஸ்' எடுங்கள். 'இமேஜ் பாத் நேம்', 'கமாண்ட் லைன்' இரண்டையும் டிக் செய்யுங்கள்.

எஸ்விசிஹோஸ்ட் ஐம்பது அறுபது வரிகள் இருந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 10-இன் 2017 அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கம்ப்யூட்டரில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்டில்தான் ஓடுகின்றன. எண்ணிக்கையை விட்டுவிட்டு இருப்பிடத்தைப் பாருங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32 அசல் இடம். 64 பிட் விண்டோஸில் சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் ஒன்று இருக்கும். ஆப்டேட்டா, டெம்ப், டவுன்லோட்ஸ், பென்டிரைவ் ஆகியவற்றிலிருந்து ஓடினால் அது போலி. எக்ஸ்ப்ளோரர் ஃபைலுக்கு மட்டும் கணக்கு வேறு: அது விண்டோஸ் ஃபோல்டரிலேயே நேராக இருக்கும், சிஸ்டம்32-க்குள் அந்தப் பெயர் ஓடினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கமாண்ட் லைனில் அசல் எஸ்விசிஹோஸ்டுக்குப் பின்னால் 'மைனஸ் கே' என்று தொடங்கும் ஒரு துணுக்கு வரும். பாதுகாக்கப்பட்ட சில சர்வீஸ்களுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அது குற்றமில்லை.

படி 3: தாய் யார், கையெழுத்து யாருடையது?

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து சிஸ்இன்டர்னல்ஸ் புராசஸ் எக்ஸ்ப்ளோரரை இறக்குங்கள். இலவசம், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்கள். அசல் எஸ்விசிஹோஸ்ட், அதைத் தொடங்கிவைத்த தாய் புராசஸான 'சர்வீசஸ்' என்பதற்குக் கீழே கிளையாகத் தொங்கும். எக்ஸ்ப்ளோரருக்குக் கீழேயோ வேர்டுக்குக் கீழேயோ இருந்தால் விடாதீர்கள்.

ஆப்ஷன்ஸ் மெனுவில் 'வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்' ஆன் செய்தால், ஒவ்வொரு வரியிலும் அந்த ஃபைலுக்கு டிஜிட்டல் கையெழுத்திட்ட நிறுவனம் தெரியும். ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேப் இருக்கிறதா என்று தேடுவதைவிட இது மேல். ஏனென்றால் விண்டோஸ் 10-இன் நோட்பேட் போன்ற பல அசல் ஃபைல்களில் அந்த டேப் இருக்காது. அவற்றின் கையெழுத்து தனியாக ஒரு கேட்டலாக் ஃபைலில் இருக்கும். டேப் இல்லையே என்று நல்ல ஃபைலை அழித்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. கையெழுத்து இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டாம்: 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ரியல்டெக் நிறுவனத்தின் திருடப்பட்ட சான்றிதழோடு வந்தது.

படி 4: வைரஸ்டோட்டல்

செவன்-ஜிப் இருந்தால், ஃபைலில் ரைட் கிளிக் செய்து 'சிஆர்சி எஸ்எச்ஏ' மெனுவில் எஸ்எச்ஏ-256 எடுங்கள். விண்டோஸ் 11-இல் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' போக வேண்டியிருக்கலாம். வரும் 64 எழுத்து அந்த ஃபைலின் கைரேகை போன்றது. அதை, பல ஆன்டிவைரஸ் எஞ்சின்களால் ஃபைலைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தின் சர்ச் பகுதியில் ஒட்டுங்கள். இந்த ஃபைலை முன்பே யாராவது ஏற்றியிருந்தால் அறிக்கை உடனே வரும். இல்லையென்றால் மட்டும் ஃபைலை ஏற்றுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பத்திரம் போன்ற வாடிக்கையாளர் ஃபைல்களை ஒருபோதும் ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும்.

எழுபது சொச்சம் எஞ்சின்களில் ஒன்றிரண்டு மட்டும் 'ஜெனரிக்' என்று சிவப்பு காட்டினால் அது தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்புண்டு. பத்துக்கு மேல், அதுவும் ஒரே வைரஸ் குடும்பப் பெயரைச் சொன்னால் சந்தேகமே வேண்டாம். பூஜ்யம் வந்தாலும் டீடெய்ல்ஸ் டேபில் 'ஃபர்ஸ்ட் சப்மிஷன்' தேதியைப் பாருங்கள். இன்றைய தேதி என்றால், எந்த எஞ்சினுக்கும் இதைப் பற்றி இன்னும் தெரியாமல் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி சோதியுங்கள்.

போலி என்று உறுதியானால்

லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை ஆஃப் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'எண்ட் டாஸ்க்' மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வரும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலை முதலில் திறந்து பாருங்கள். திருட்டு ஆக்டிவேட்டர்களும் வைரஸ்களும் தங்கள் ஃபோல்டரை அங்கே சேர்த்து, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிடும். நீங்கள் சேர்க்காததை நீக்குங்கள். திறந்திருக்கும் வேலையை சேவ் செய்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம்போல ஓடும்.

அதன்பின் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை ஓட்டினால், சேதமான அசல் ஃபைல்களை விண்டோஸே சரிசெய்யும். நூறு சதவீதம் ஆகும்வரை விண்டோவை மூடாதீர்கள்.

மெயில், வங்கி, இ-சேவை பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்த பென்டிரைவ் போய்வந்த கடைகளுக்கும் சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் அதே எண்தான்.